வாயில் இருக்கிற விடையைக் கொப்பிக்குக் கொண்டுவருவது

தங்கச்சி, மற்ற ஆசிரியர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 4 படிப்பிக்கிறீர்கள். வகுப்பில் 28 பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் பந்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள், வாயால் கேட்டால் பதிலும் சொல்கிறார்கள். ஆனால் "விடை எழுதுங்கள்" என்றதும் ஒன்றில் பந்தியிலிருந்து ஒரு முழு வரியைப் பார்த்து எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். "ஏன்" என்று வரும் கேள்விக்குப் பாதிக் கொப்பிகளில் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பெற்றோர் இப்போதே கடந்தகால வினாத்தாள்களைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருகோணமலை மாவட்டத்தில் 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள். பட்டணத்திலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருந்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் கொப்பிகளை எல்லா இடத்திலும் பார்த்தேன். முதல் பத்து வருடம் நானும் ஒரே வழியைத்தான் வைத்திருந்தேன். விடைகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், கொப்பி அழகாக இருக்கும். அந்தப் பிள்ளைகள் அடுத்த பந்திக்கு வரும்போது பழைய இடத்திலேயே நிற்பார்கள். பார்த்து எழுதுவதற்கு அவர்களைப் பழக்கியது நான்தான் என்று விளங்கப் பல வருடம் எடுத்தது.

உங்கள் பிள்ளைகளுக்குப் பந்தி விளங்குகிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் வாயால் சொல்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்கிற தமிழ் ஒன்று, எழுத வேண்டிய தமிழ் வேறொன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிப் போவது என்று யாரும் அவர்களுக்கு அடி அடியாகக் காட்டவில்லை. பெரியவர்களாகிய நமக்கு அது தானாக நடக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பெரிய வேலை. வழி தெரியாத பிள்ளை பிழை வராத வழியைத் தேடும். பந்தியில் அச்சடித்திருக்கிற வரி ஒருநாளும் பிழையாகாது அல்லவா? அதனால் அதையே எடுத்து எழுதிவிடும்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே பிரச்சினைதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஒருநாள் ஒதுக்கி ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பிள்ளை வாசிக்காத புதிய பந்தி ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி, கேள்வியையும் வாயால் கேளுங்கள். பதில் சரியாக வந்து, அதே அளவான இன்னொரு பந்தியைத் தானே வாசித்தபோது பதில் வராவிட்டால், அந்தப் பிள்ளையின் முழுக் கவனமும் எழுத்தைக் கூட்டுவதிலேயே செலவாகிறது. அதற்கு வாசிப்புப் பயிற்சிதான் வேண்டும், விடை எழுதும் பயிற்சி பிறகு. நீங்கள் வாசித்துக் காட்டியும் பதில் வராவிட்டால், சொற்களோ விடயமோ புதிது. இரண்டிலும் பதில் வந்து எழுதும்போது மட்டும் நின்றுவிட்டால், நான் கீழே சொல்வதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான். வாசித்து விளங்குவது என்பது எழுத்தைக் கூட்டத் தெரிவதும் கேட்டால் விளங்குவதும் சேர்ந்ததுதான், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடக்காது என்று 1986 இல் கஃப், டன்மர் என்ற இருவர் எழுதினார்கள். வகுப்பறையில் அதன் பயன் இந்தச் சோதனைதான். 28 பேரையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. சந்தேகமான ஏழெட்டுப் பேரைப் பார்த்தால் போதும்.

சரி, இனி பந்திக்கு வருவோம். நான் தரம் 4 பிள்ளைகளுக்காக எழுதி, பல வருடம் பாவித்த பந்தி ஒன்றைத் தருகிறேன். உதாரணங்கள் எல்லாவற்றையும் இதிலிருந்தே எடுக்கிறேன். (கரைவலை என்பது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை, சம்மாட்டியார் அந்த வலையின் சொந்தக்காரர்.)

"கபிலன் விடியற்காலையில் அப்பாவோடு கடற்கரைக்குப் போனான். அங்கே பத்துப் பதினைந்து பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கபிலனும் கயிற்றைப் பிடித்தான். வலை கரைக்கு வந்ததும் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வலையில் கொஞ்சம் சாளை மீன்தான் இருந்தது. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. சம்மாட்டியார் தொப்பியைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கபிலன் ஒரு சின்ன மீனை எடுத்துக் கடலில் விட்டான்."

முதல் படிக்குத் தமிழே நமக்கு உதவி செய்கிறது. "கேள்வியைத் திருப்பி எழுதி விடையைத் தொடங்கு" என்று ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் கேள்வி விடையாகும்போது சொற்கள் இடம் மாறும், இடையில் இருந்த துணைச்சொல் காணாமல் போகும், வினையும் வேறு வடிவம் எடுக்கும். பிள்ளை அதையெல்லாம் சமாளிக்க வேண்டும். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. விடை எங்கே இருக்க வேண்டுமோ, வினாச்சொல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. "கபிலன் யாருடன் கடற்கரைக்குப் போனான்?" இதில் "யாருடன்" என்பதைத் தூக்கிவிட்டு "அப்பாவுடன்" என்று வைத்தால் வசனம் முடிந்தது. "கபிலன் அப்பாவுடன் கடற்கரைக்குப் போனான்." வேறொன்றும் அசையவில்லை.

இதைச் சொல்லிக்கொடுப்பதைவிட கையால் செய்ய வைப்பது நல்லது. கேள்வியைப் பிறிஸ்டல் போர்ட்டில் பெரிதாக எழுதி, சொல் சொல்லாக வெட்டுங்கள். வினாச்சொல் இருக்கும் துண்டு மட்டும் வேறு நிறம். பிள்ளைகள் முன்னால் வந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டு, வெறும் துண்டில் விடையை எழுதி அந்த இடைவெளியில் வைக்கட்டும். இரண்டாம் நாளே கொப்பியில் பென்சிலால் வினாச்சொல்லைச் சுற்றி வட்டம் போடத் தொடங்கிவிடுவார்கள். அந்த வட்டத்தைப் பழக்கமாக்குங்கள். கேள்வியைக் கண்டால் முதல் வேலை வட்டம்.

வட்டம் போட்ட பிறகு அந்தச் சொல்லின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். "யாரை" என்றால் விடையும் "கபிலனை" என்று முடியும். "யாருக்கு" என்றால் "சம்மாட்டியாருக்கு". "எதில்" என்றால் "வலையில்". வால் வாலோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். வேற்றுமை உருபு என்ற பெயரைத் தரம் 4 இல் சொல்லவே தேவையில்லை. "யாருடன் போனான்?" என்ற கேள்விக்கு வெறும் "அப்பா" என்று எழுதிய பிள்ளையிடம், "கேள்விக்கு வால் இருக்கு, உன்ர விடைக்கு எங்கே?" என்று கேட்டால் போதும், தானே திருத்தும். என் பந்தியில் வேண்டுமென்றே "அப்பாவோடு" என்று வைத்தேன், கேள்வியில் "யாருடன்" என்று வைத்தேன். "பந்தியில் ஓடு இருக்கு, கேள்வியில் உடன் இருக்கு, எதை எழுத டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கிற பிள்ளை கேள்வியை உண்மையாக வாசித்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான், எதையும் எழுதலாம் என்று சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லாக் கேள்விக்கும் முழு வசனம் எழுது என்று சட்டம் போடாதீர்கள். வினாத்தாளில் ஒரு சொல்லை எழுது என்றும், கீறிட்ட இடத்தை நிரப்பு என்றும், சரியான விடையின் கீழ்க் கோடிடு என்றும் வரும். அங்கே முழு வசனம் எழுதி நேரத்தை இழந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அறிவுறுத்தலை வாசித்து, "இங்கே எவ்வளவு எழுத வேணும்?" என்று தீர்மானிப்பதும் ஒரு பாடம். நான் இரண்டு விதமாகவும் ஒரே கேள்வியைச் செய்விப்பேன். முதலில் ஒரு சொல்லில், பிறகு வசனமாக.

இனி "ஏன்". உங்கள் பிள்ளைகள் வெறுமையாக விட்ட இடம் இதுதான், நீண்ட நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான். "ஏன்" வந்தால் வினாச்சொல்லை மாற்றி வைக்கும் வேலை அப்படியே நடக்காது. "ஏன் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை?" என்பதில் "ஏன்" இருந்த இடத்தில் ஒரு சொல்லை வைக்க முடியாது. ஒரு முழுச் செய்தியை வைக்க வேண்டும், அதையும் "-ஆல்" என்று முடித்து வைக்க வேண்டும். அது பேச்சில் வராத வடிவம். வீட்டில் எந்தப் பிள்ளையும் "மழை பெய்ததனால் நான் வரவில்லை" என்று சொல்வதில்லை. "மழை பெஞ்சது, அதான் வரல்ல" என்றுதான் சொல்லும்.

ஒரு பையனோடு நடந்ததை எழுதுகிறேன். கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளை. இந்தக் கேள்விக்குக் கொப்பியில் "ஒருவரும் ஒன்றும் பேசவில்லை" என்று பந்தியின் வரியையே எழுதி வைத்திருந்தான். கொப்பியை மூடிவிட்டு, "ஏன் மகன் ஒருத்தரும் பேசல்ல?" என்று கேட்டேன். உடனே சொன்னான்: "மீன் படல்ல டீச்சர், அதான்." அவனுடைய வீட்டுச் சொல், மிகச் சரியான சொல். அதைக் கரும்பலகையில் அவன் சொன்னபடியே எழுதினேன். பிறகு பந்தியைத் திறந்து, "ஒரு மீனும் படல்லையா? பார்" என்றேன். விரலை வைத்து வாசித்தான். "கொஞ்சம் பட்டிருக்கு. ஆனா காணாது." அதையும் எழுதினேன். "மீன் காணாது" என்பதைக் கொப்பியில் எப்படி எழுதலாம் என்று வகுப்பிடம் கேட்டேன். "போதாது" என்று ஒரு பிள்ளை, "குறைவு" என்று இன்னொரு பிள்ளை. மூன்றாவது வரியில் "மீன் குறைவாகப் பட்டது" என்று வந்தது. நான்காவது வரியில் "பட்டது" என்பதன் வாலை மாற்றினோம். "மீன் குறைவாகப் பட்டதால் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை." நான்கு வரியும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பையன் நான்காவதைத் தன் கொப்பியில் எழுதினான். அவன் முன்பு எழுதிய வரியும் அதற்குள்ளேதான் இருந்தது, முன்பாதி மட்டும் அவனுடையது.

இந்த நான்கு வரி ஏணியைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதலில் பிள்ளையின் வாய்ச்சொல், அடுத்து பந்தியோடு ஒத்துப்பார்ப்பது, அடுத்து எழுத்துத் தமிழ், கடைசியில் கேள்வியோடு இணைப்பது. முதல் வரியைக் கரும்பலகையில் எழுதும்போது முகம் சுளிக்காமல் எழுதுங்கள். "படல்ல" பிழையான தமிழ் அல்ல, அது வீட்டில் பேசுகிற தமிழ். அதைப் பிழை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. பிறகு பந்தியின் வரியைப் பார்த்து எழுதுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. கிண்ணியாவில் இருந்தபோது இதே பந்திக்குச் சில பிள்ளைகள் "கபிலன் வாப்பாவுடன் போனான்" என்று எழுதினார்கள். பந்தியில் "அப்பா" என்றுதான் இருக்கிறது. நான் புள்ளி குறைக்கவில்லை. பந்தியைத் தன் வீட்டுச் சொல்லுக்கு மாற்றிய பிள்ளை அதை விளங்கிக்கொண்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பரீட்சையில் பந்தியில் உள்ள சொல்லை எழுது என்று பிறகு தனியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"-ஆல்" வடிவத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். விளையாட்டாகவே செய்யலாம். நீங்கள் "மழை பெய்தது" என்று சொன்னால் பிள்ளைகள் "மழை பெய்ததால்" என்று சொல்லி, மீதியைத் தாங்களே முடிக்க வேண்டும். "பஸ் வரவில்லை" என்றால் "பஸ் வராததால்". எதிர்மறைதான் கஷ்டம். "வரவில்லையால்" என்றும் "வரவில்லாததால்" என்றும் எழுதுவார்கள். பத்து வினைகளை எடுத்து இரண்டு கிழமை வாயால் சொல்லவைத்தால் அது போய்விடும். இன்னொரு பிழையும் அடிக்கடி வரும்: "ஏனென்றால் மீன் குறைவாகப் பட்டதால்" என்று தொடங்கி அந்தரத்தில் விட்டுவிடுவது. "ஏனென்றால்" போட்டால் "பட்டது" என்று முடி, "பட்டதால்" என்றால் "ஏனென்றால்" வேண்டாம், இரண்டில் ஒன்றுதான் என்று சொல்லுங்கள். தொடக்கத்தில் "-ஆல்" ஒன்றை மட்டும் பழக்கி, அது கைக்கு வந்த பிறகு மற்றதைக் கொடுப்பது என் வழக்கம்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் பக்கத்தால் சொல்வது பேச்சில் நமக்கு இயல்பு. "விளையாட வாறியா?" என்றால் "அம்மா ஏசுவா" என்று பதில் வரும். வரமாட்டேன் என்பதுதான் அதன் பொருள், ஆனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரித்து, இப்படி நடக்கப்போவதைச் சொல்லிப் பதிலாக்குவதற்கு "உறுவது கூறல்" என்றே பெயர் வைத்திருக்கிறது. ஆகவே பிள்ளையின் பக்கத்துப் பதிலும் பதில்தான். "நீ சொன்னது சரி. இனி கேட்டதற்கு நேராக எழுது" என்று அடுத்த படிக்கு அழைத்துப்போங்கள்.

இனி வரியில் நேரடியாக இல்லாத விடைகள். டாஃபி ரஃபேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1980களில் கேள்விகளை விடை கிடைக்கும் இடத்தை வைத்து நான்காகப் பிரித்தார். நான் அவற்றுக்குப் பிள்ளைகளின் வாய்க்கு வருகிற மாதிரிப் பெயர் வைத்தேன். விடை ஒரே வரியில் இருந்தால் "கண்ணில் பட்டது". இரண்டு மூன்று வரியிலிருந்து எடுத்துக் கோக்க வேண்டியிருந்தால் "தேடிச் சேர்த்தது". பந்தியில் இருப்பதையும் நமக்குத் தெரிந்ததையும் சேர்த்துக் கண்டுபிடித்தால் "யோசித்தது". முழுக்கத் தன் கருத்து என்றால் "என்னுடையது". கேள்வியை வாசித்தவுடன் இது எந்த வகை என்று பிள்ளைகள் சொல்லட்டும். பார்த்து எழுதும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. பந்தியிலிருந்து ஒரு வரியை எடுத்தால் போதும் என்கிற வகை ஒன்றுதான் என்பது அப்போது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

"சம்மாட்டியாரின் மனநிலை எப்படி இருந்தது? அது உனக்கு எப்படித் தெரியும்?" இது யோசித்த வகை. பிள்ளைகள் "கவலை" என்று ஒரு சொல் எழுதுவார்கள். இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். அதற்கு நான் வைத்த விதி "விரல் வை" என்பது. எந்த விடை சொன்னாலும் அதைத் தந்த வரியில் விரலை வைக்க வேண்டும். விரல் "தொப்பியைக் கழற்றி" என்ற இடத்தில் நின்றால், எழுதும் வடிவம் இதுதான்: "சம்மாட்டியார் கவலையாக இருந்தார். அவர் தொப்பியைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்ததிலிருந்து அது தெரிகிறது." இந்த "-இலிருந்து தெரிகிறது" என்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். தரம் 4 பிள்ளைக்கு அது பெரிய ஆயுதம். ஒரு பெண்பிள்ளை "அவருக்குக் களைப்பு" என்றாள். வகுப்பு சிரித்தது. "விரல் வை" என்றேன். அவள் "கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்" என்ற வரியில் விரலை வைத்தாள். அவளுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். பிறகு ஒருவரும் பேசாமல் இருந்ததையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். "களைப்பும் கவலையும் டீச்சர்" என்றாள். நான் எழுதி வைத்திருந்த விடையைவிட அது நல்ல விடை.

"கபிலன் மீனைக் கடலில் விட்டது சரியா?" என்பது என்னுடையது வகை. பெரும்பாலான பிள்ளைகள் ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து "சரி" என்று எழுதிவிடுவார்கள். ஒரு பிள்ளை எழுதியது: "சரியில்லை. இருந்ததே கொஞ்ச மீன்." காரணம் பந்தியிலிருந்தே வந்திருக்கிறது. அதையும், "சரி, சின்ன மீன் பெருத்த பிறகு பிடிக்கலாம்" என்று எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வாசித்துக் காட்டி, இரண்டும் நல்ல விடை என்று சொன்னேன். எந்தப் பக்கம் நின்றாலும் பரவாயில்லை, காரணம் இல்லாமல் நிற்கக்கூடாது என்பதுதான் இங்கே பாடம்.

தேடிச் சேர்க்கும் வகைக்கு இந்தப் பந்தி சின்னது. கிண்ணியாப் பாலத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதிக்கொள்ளுங்கள். பாலம் வருவதற்கு முன் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்) ஏறிக் கடந்தது, வாகனங்கள் வரிசையில் காத்துக் கிடந்தது, 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது, இவற்றை வெவ்வேறு வரிகளில் வையுங்கள். "பாலத்தால் மக்களுக்கு என்ன மாற்றம் ஏற்பட்டது?" என்று கேட்டால், முன்பு இப்படி, இப்போது இப்படி என்று இரண்டு இடத்திலிருந்து எடுத்துக் கோக்க வேண்டும். பாட்டன் பாட்டியிடம் கேட்டுவந்து பந்தியில் இல்லாததையும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் விரல் வை என்ற விதியையும் விடாதீர்கள். "பாதை" என்ற சொல்லுக்கு வீதி என்று மட்டும் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் முதலில் அதை விளக்குங்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்கள், தம்பலகாமத்து வயல், இப்படிப் பிள்ளை கண்ணால் கண்டதை வைத்துத் தொடங்கினால் விடயம் தெரியாததால் வரும் தடுமாற்றம் இருக்காது. அப்போது விடை எழுதும் வேலையை மட்டும் நீங்கள் பழக்கலாம். பனி கொட்டுவதைப் பற்றிய பந்தியை மூன்றாம் தவணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் நீட்டும் வினாத்தாள்களைப் பற்றி. 1970களின் இறுதியில் டொலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நான்காம் தர வகுப்புகளில் வாசிப்புப் பாடங்களை 4,000 நிமிடங்களுக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார். எப்படி விளங்கிக்கொள்வது என்று ஆசிரியர் கற்பித்த நேரம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை. கேள்வி கேட்பதிலும் பயிற்சித்தாள் செய்விப்பதிலும் நிறைய நேரம் போயிருந்தது. அதை வாசித்தபோது என் முதல் பத்து வருடம்தான் கண்முன் வந்தது. கேள்வி கேட்பது பிள்ளைக்கு வருகிறதா என்று பார்ப்பது. எப்படிச் செய்வது என்று காட்டுவது வேறு வேலை. 50 வினாத்தாள் செய்த பிள்ளை 50 முறை சோதிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பெற்றோரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்: வினாத்தாள் தரம் 5 இல் கட்டாயம் செய்விப்போம், இப்போது ஒரு கிழமைக்கு ஒரு பந்தி போதும். அந்த ஒரு பந்தியை நான்கு நாள் வைத்திருங்கள். முதல் நாள் வாசிப்பும் கதையும் மட்டும், பென்சில் வெளியே வரவே வேண்டாம். இரண்டாம் நாள் கண்ணில் பட்டவை. மூன்றாம் நாள் முழுவதும் ஒரே ஒரு "ஏன்". நான்காம் நாள் பிள்ளைகள் தனியே எழுதட்டும். நீங்கள் கரும்பலகையில் விடை எழுதவே கூடாது.

திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் பாருங்கள். இன்று வால் பொருந்தியதா, நாளை காரணம் இருக்கிறதா, அதற்கடுத்த நாள் விரல் வைத்த வரி விடையில் இருக்கிறதா. ரகர றகரமும் ளகர ழகரமும் சொல்வதெழுதலில் பார்த்துக்கொள்ளலாம். விடை முழுக்கச் சிவப்பு மையாகக் கண்ட பிள்ளை அடுத்த நாள் இரண்டு சொல்லோடு நிறுத்தும், குறைவாக எழுதினால் பிழையும் குறைவு என்று அதற்குத் தெரியும்.

வெறுமையாக விடும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் வசனத்தின் பின்பாதியைக் கொடுத்துவிடுங்கள். "____________ ஒருவரும் ஒன்றும் பேசவில்லை." முன்பாதியை மட்டும் அவர்கள் எழுதினால் போதும். இரண்டு கிழமையில் பின்பாதியையும் தாங்களே எழுதுவார்கள். அந்த வெற்றுக்கோட்டை நீங்கள் எடுக்க மறந்தாலும் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு மேலே போய் எழுதியிருப்பார்கள். எழுதக் கை வராத பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையிடம் முதலில் சொல்லவிடுங்கள். சொன்னதைப் பக்கத்துப் பிள்ளை மறுபடி சொல்லட்டும். தன் வசனத்தை இன்னொருவர் வாயால் கேட்டபின் எழுதுவது சுலபம்.

முதல் தவணை முடியும் நேரத்தில் பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்லுங்கள். ஒரு பந்திக்கு ஆளுக்கு இரண்டு கேள்வி, ஒன்று கண்ணில் பட்டது, மற்றது யோசித்தது. யோசித்த கேள்வி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும். நீங்கள் கேட்கும் கேள்விகளையும் அதற்குப் பிறகு வேறு கண்ணால் பார்ப்பார்கள். என் பந்திக்குப் பிள்ளைகள் எழுதிய கேள்விகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்: "கபிலன் மீனைக் கடலில் விட்டதை அப்பா கண்டாரா?" பந்தியில் அதற்கு விடை இல்லை. அடுத்த நாள் முழுவதும் வகுப்பு விரலை எந்த வரியில் வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தது.

கரைவலைப் பந்தியை நீங்கள் அப்படியே எடுத்துப் பாவிக்கலாம், தங்கச்சி. பெயரை மட்டும் உங்கள் வகுப்பில் இல்லாத பெயராக மாற்றிக்கொள்ளுங்கள்.